நீலக் கோடு

அலுவலகத்தில் அவருக்கு ‘பட்டன்’ என்றே பெயர். கணினித் திரையில் வரும் பொத்தான்களுக்கு முகபாவம் கொடுப்பதுதான் வேலை. சும்மா இருக்கையில் ஒரு நிறம், மௌஸ் மேலே வந்தால் சற்றே வெளிச்சம், அழுத்தினால் லேசாக உள்வாங்கல், அழுத்தக்கூடாத நேரத்தில் சாம்பல். மௌஸைத் தொடாமல் கீபோர்டிலேயே ஓட்டுகிறவர்களுக்கு, எந்தப் பொத்தானில் நிற்கிறோம் என்று காட்ட ஒரு நீலக் கோடும் உண்டு. அதை மட்டும் எடுத்துவிட்டார்.

“நல்ல சட்டைக்கு மேல கயிறு கட்டின மாதிரி இருக்கு. இந்தக் காலத்துல யாருய்யா மௌஸ் இல்லாம?” என்று கூட்டத்தில் கேட்டார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் சுபாவம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. மணிக்கட்டு வலி, பட்டை கட்டிய கையால் மௌஸ் பிடிக்க முடியாது; எல்லாம் கீபோர்டில்தான்.

“வேலைய விட்டுடலாம்னு பாக்கறேன்டா.”

“ஏன்க்கா?”

“புது சாஃப்ட்வேர். டாக்டரப் பாக்க நேரத்த உறுதி பண்றேன்னு என்ட்டரத் தட்டினா, ரத்தாயிடுது. எதுல நிக்கறேன்னே தெரியல. ‘கண்ண எங்க வெச்சிருக்கே’ன்னு மேனேஜர் அத்தனை பேர் முன்னாடி கேட்டுட்டாரு. எனக்குத்தான் மூளை மழுங்கிப்போச்சு போல.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பட்டன் எல்லாம் பச்சையா, ஓரம் வளைஞ்சிருக்குமா?”

“ஆமா. பாக்க என்னவோ லட்சணமாத்தான் இருக்கு.”

பாராட்டு இவ்வளவு கசக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

“அது நான் செஞ்சதுக்கா.”

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப நாளைக்கு வா. அதே இடத்துல நின்னு சொல்லு.”

திங்களன்று காலை முதல் வேலையாகக் கோட்டைத் திரும்பப் போட்டார். மதியம் ஆஸ்பத்திரிக்குப் போய், பெஞ்சில் காத்திருந்தவர்கள் காதில் விழும்படியே மேனேஜரிடம் ஒப்புக்கொண்டார். நாலு வசவுக்குத் தயாராகத்தான் போயிருந்தார்.

“அட, நீங்களா சார் இதைப் பண்ணது? உக்காருங்க சார். இவ்வளவு பெரிய வேலையில ஒண்ணு ரெண்டு விட்டுப்போறது சகஜம்தானே!” மேனேஜர் அக்கா பக்கம் திரும்பினார். “தம்பிக்கு ஒரு டீ கொண்டு வாம்மா.”

உட்கார்ந்தவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “கண்ண எங்க வெச்சிருந்தேன்னு என்னையும் கேளுங்க சார்.”

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். பெஞ்சும் சிரித்தது.

அக்கா பட்டை கட்டிய கையால் டம்ளரை வைத்தாள்.

“கோடு தெரியுது. நான் இங்கயே இருக்கேன். நீ குடி, ஆறிடும்.”

குடித்தார். சர்க்கரை அவருக்குப் பிடித்த அளவில்தான் இருந்தது.