ஊரணிக் கரையில் நின்ற வீட்டு வண்டி

வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து, கன்னியாகுமரி வரை போய், பிறகு வடக்கே திரும்பிக் காசி வரை பார்த்துவிட வேண்டும் என்பது என் இருபது வருஷத்து ஆசை. சென்னையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவன் நான். பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்த கையோடு யுத்த காலத்துப் பழைய ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன். எட்டு மாதம் மல்லுக்கட்டி அதை வீடாக்கினேன். மடக்குக் கட்டில் இரண்டு, மண்ணெண்ணெய் அடுப்பு, ஜன்னலுக்குத் திரை, அறுபது காலன் தண்ணீர் பிடிக்கும் பீப்பாய். 1961 தை பிறந்த ஐந்தாம் நாள் நானும் என் மனைவி கமலமும் கிளம்பினோம்.

கமலத்துக்கு இதில் முழு மனம் இல்லை. நாலு பேரோடு பேசாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. என்னோடு பேசுவது பேச்சில் சேராது என்பது அவள் கட்சி. காஞ்சிபுரம், சிதம்பரம், தஞ்சாவூர் என்று பதினோரு நாள் ஓட்டித் திருச்சி வந்தபோது, தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். திருமயம் பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறதாம். அதை முடித்துவிட்டுப் புதுக்கோட்டையில் ரயிலேறிச் சென்னைக்குப் போகிறாளாம். சொன்ன அன்றே தகரப் பெட்டியில் புடவைகளை அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அவள் இறங்கிவிட்டால் என் யாத்திரையும் அத்தோடு சரி. தனியாகப் போவதற்கு வீடு எதற்கு, லாரி போதுமே.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை முப்பத்துமூன்று மைல். சாலை பரவாயில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் வழியில் நார்த்தாமலையில் இறங்கினோம். பிரதான சாலையிலிருந்து வண்டிப்பாதை; ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்திவிட்டுப் பாறை மேல் நடக்க வேண்டும், அரை மணி நேரம். மேலே விஜயாலய சோழீச்சரம். வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். முப்பது வருஷம் தகரத்தை வளைத்தவன் நான். கல்லை இப்படி வளைத்தவனுக்குக் கைகூப்பினேன். வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மேல் பாறை காலைச் சுடுகிறது.

இரவு புதுக்கோட்டை. மறுநாள் காலை பத்து மைல் தள்ளிச் சித்தன்னவாசல். காவல்காரர் குகைக் கோயிலைத் திறந்துவிட்டார். அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கத் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, நடுவே பூப்பறிக்கும் மனிதர்கள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். கமலம் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஊருக்குப் போகிறவளுக்குக் குகை எதற்கு என்று திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது உண்மை.

மதியம் திருமயம். புதுக்கோட்டையிலிருந்து தெற்கே பன்னிரண்டு மைல். பஸ் நிற்கும் இடத்தில் காப்பி பன்னிரண்டு காசு, நன்றாகவே இருந்தது. கோட்டை ஒரே பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது. உச்சியில் பீரங்கி, அங்கிருந்து நாலு பக்கமும் கண்மாய்களும் செம்மண்ணும் தெரிகின்றன. அடிவாரத்தில் சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. பாறையிலேயே குடைந்த பெருமாள், படுத்த வாக்கில், அவ்வளவு பெரிய உருவம். கமலம் வெகுநேரம் நின்றாள். வேண்டுதல் என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை.

கடைவீதியில் சத்தம் அதிகம் என்று அரிமளம் சாலையில் மூன்று மைல் போய், ஒரு கிராமத்து ஊரணிக் கரையில் வண்டியை நிறுத்திப் படுத்தோம். தவறு அங்கேதான் நடந்தது.

என்னிடம் ஒரே மாதிரி இரண்டு டின்கள் இருந்தன. ஒன்று மண்ணெண்ணெய்க்கு, ஒன்று தண்ணீருக்கு. காலை ஐந்தரை மணி அரைவெளிச்சத்தில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்க, செருப்புக் காலோடு படியிறங்கி டின்னை ஊரணிக்குள் முக்கினேன். வாசனை வந்த பிறகுதான் எந்த டின் என்று புரிந்தது. அடியில் இருந்த அரைப்படி மண்ணெண்ணெய் தண்ணீர் மேல் பளபளவென்று பரவிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால், மேல்படியில் குடத்தோடு ஏழெட்டுப் பெண்கள். எல்லாரும் காலைக் கழுவிவிட்டு வந்து நிற்கிறார்கள். முன்னால் நின்ற நடுவயதுப் பெண், செல்லம்மாள் என்று பிறகு தெரிந்தது, கத்தவெல்லாம் இல்லை.

"ஐயா, இது குடிக்கிற ஊரணிங்க. நாங்க காலு நனையாம மொகந்துட்டுப் போற தண்ணி. குளிக்கிற கொளம் அங்கிட்டு இருக்கு."

கிணற்றுத் தண்ணீர் அந்த ஊரில் உப்பு. எழுபது வீட்டுக்கும் குடிக்க இது ஒன்றுதான். அதனால் இதில் யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, மாடு இறங்குவதில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் எல்லாம் இதே கட்டுப்பாடுதானாம். எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். கரையில் ஒரு செருப்புத் தடம்கூட இல்லாததைப் பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு நழுவிவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சாவியைக்கூடத் தொட்டுவிட்டேன். அதற்குள் கமலம் கொண்டையை முடிந்துகொண்டு பின்கதவால் இறங்கிவிட்டாள். கிளம்பிய நாளிலிருந்து யாரும் கூப்பிடாமல் அவள் இறங்கியது அதுதான் முதல் தடவை. தப்பு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டு, நல்ல தண்ணீர் வேறு எங்கே என்று செல்லம்மாளைக் கேட்டாள். இரண்டு மைலில் அடுத்த ஊர் ஊரணி என்றார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளும் கிழவிகளும் இரண்டு மைல் சுமக்க முடியாது என்றும் சொன்னார்கள்.

கமலம் என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம பீப்பாயைக் கழுவுங்க. இந்த ஊருக்கு இன்னிக்கு நாமதான் தண்ணி."

ஊர்த் தலைவரான அம்பலகாரர் வந்தார். கைத்தடி ஊன்றிய பெரியவர். கேட்டுவிட்டுத் தலையசைத்தார், அபராதம் என்று எதுவும் பேசவில்லை. நல்ல வேளை, வாடைக் காற்று எண்ணெயை ஒரு பக்கமாகவே தள்ளி வைத்திருந்தது. ஆண்கள் இரண்டு கரையிலும் நின்று நீளமான வேட்டியைத் தண்ணீர் மேல் இழுத்து எண்ணெயை மூலைக்கு ஒதுக்கினார்கள். அங்கே வைக்கோலைப் போட்டு ஊறவைத்து அள்ளினார்கள். அப்போதும் ஒருவர் காலும் தண்ணீரில் படவில்லை. தங்கள் குடிநீரை அவர்கள் காப்பாற்றும் அந்த நேர்த்திக்கு, நான் பார்த்த கோட்டையைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தாலும் ஈடில்லை.

நானும் ஓட்டினேன். காலை ஏழிலிருந்து மாலை நாலு வரை எட்டு நடை. பக்கத்து ஊர்க்காரர்கள் விஷயம் தெரிந்து குடம் குடமாக மொண்டு பீப்பாயை நிரப்பினார்கள். திரும்பி வந்தால் தெருத் தெருவாக நின்று, கமலம் பின்னால் உட்கார்ந்து ஊற்றுவாள். பெண்கள் ஒவ்வொருவராக ஏறி எங்கள் வீட்டைப் பார்த்தார்கள். கட்டிலை மடக்கிப் பார்த்தார்கள். சாணி மெழுகாத வீட்டில் எப்படிப் படுக்கிறீர்கள் என்று ஒருத்தி கேட்க, கமலம் சிரித்த சிரிப்பு எனக்கு முன் இருக்கையில் கேட்டது. யாருக்கு எத்தனை பிள்ளை, எந்தப் பெண்ணை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது என்று மாலைக்குள் அந்த ஊர்ச் சரித்திரம் முழுவதும் அவளுக்குப் பாடம். மதியச் சாப்பாடு மூன்று வீட்டிலிருந்து வந்தது. எனக்கும் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அம்பலகாரர் தானே படியிறங்கி, ஒரு செம்பில் முகந்து, இரண்டு மடக்குக் குடித்துப் பார்த்தார். பெண்கள் மூச்சு விடாமல் நின்றார்கள். நானும்தான்.

"மொகந்துக்கங்க," என்றார்.

கிளம்பும்போது செல்லம்மாள் புது மண்பானை ஒன்றைக் கமலத்திடம் நீட்டினாள். தகரப் பீப்பாயில் தண்ணி வெயிலுக்குச் சுடும், இதில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். கமலம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

புதுக்கோட்டை வந்தோம். ஸ்டேஷனுக்குப் பிரியும் இடத்தில் வண்டியை மெதுவாக்கினேன். ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தேன்.

"அங்க எதுக்குத் திருப்புறீங்க? நேராப் போங்க. நீங்க பார்த்த குளத்தை நான் பார்க்க வேண்டாமா?"

மறுபடி பத்து மைல். காவல்காரர் மறுபடி திறந்துவிட்டார். கமலம் அண்ணாந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு, தண்ணீருக்குள் நின்று பூப்பறிக்கிறவர்களைக் காட்டி, இது குளிக்கிற குளமாகத்தான் இருக்கும் என்றாள். காவல்காரருக்கு அவள் ஏன் அப்படிச் சிரிக்கிறாள் என்று புரியவில்லை.

இதைக் கன்னியாகுமரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வழியில் வண்டியோடு வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் மூன்றுக்கும் புதுக்கோட்டையை நடுவாக வைத்து மூன்று நாள் ஒதுக்குங்கள். மாசி முடிவதற்குள் வாருங்கள், அப்போதுதான் ஊரணிகளில் நீர் இருக்கும். என் வண்டி காலனுக்குப் பத்து மைல் கொடுத்தது, கிளை வழியில் எட்டுதான். எந்தக் கரையில் நிறுத்தினாலும், இது குடிக்கிறதா குளிக்கிறதா என்று முதலில் ஒருவரைக் கேளுங்கள். மண்ணெண்ணெய் டின்னில் சிவப்புத் துணி கட்டுங்கள். எங்களுடையதில் கமலம் தன் புடவைத் தலைப்பையே கிழித்துக் கட்டியிருக்கிறாள்.

பானை உருளாமல் வைக்க வண்டியில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. கட்டிலுக்கு அடியில், அவள் பெட்டி இருந்த இடம். சித்தன்னவாசலில் அன்று சாயங்காலமே பெட்டியை இழுத்துப் புடவைகளை எல்லாம் எடுத்துக் கொக்கிகளில் மாட்டினாள். அந்தப் பெட்டியில் இப்போது வெங்காயம் இருக்கிறது.