பதில் வராத பிராணாயாமம்

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். படகில் ஏறினால் கவிழ்ந்துவிடும் என்று நினைப்பேன். தந்திக்காரன் தெருவில் போனால், அவன் எங்கள் வீட்டைத் தாண்டும்வரை மூச்சு விடமாட்டேன். அப்படிப்பட்டவளிடம், எழுபதுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம், மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரி ஒருவரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்த என் கணவர் வந்து, "எனக்கு ஷுகராம்" என்று ஏதோ ஜலதோஷம் பிடித்த மாதிரி சொன்னார்.

திருப்பூணித்துறையில் இருந்த அவருடைய அண்ணாவுக்கு இதே வியாதியில்தான் கால் போனது. அன்றைக்கே சர்க்கரை, வெல்லம், கற்கண்டு என்று வீட்டில் இருந்ததையெல்லாம் அள்ளி, அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அவரைத் தெருவே உம்மா என்றுதான் கூப்பிடும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை, ஆகவே இனிப்பு எங்கே என்று கேட்கவும் ஆளில்லை.

மறுநாள் டாக்டரிடம் நானும் போனேன். மாத்திரை எழுதினார். காலையில் வேகமாக நடக்கவேண்டும், மூச்சுப் பயிற்சியும் செய்தால் நல்லது என்றார். "மூச்சா? பூணூல் போட்ட நாள் முதலா பிராணாயாமம் பண்ணிண்டிருக்கேன்" என்று இவர் ஜம்பமாகச் சிரித்தார். கிளம்பும்போது டாக்டர் என்னைப் பார்த்து, "வேர்த்து, கைகால் விறையல், அதான் நடுக்கம், வந்தா உடனே கொஞ்சம் பஞ்சாரை கொடுக்கணும், கேட்டோ" என்றார். சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையா? டாக்டர் ஏதோ ஞாபகத்தில் உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இவருக்கு நடை பிடித்துப்போயிற்று. இருட்டு பிரியும்போதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கிடங்குகளில் சுக்கு வாசனை வீசும் பஜார் வழியாகப் படகு ஜெட்டிவரை போய்த் திரும்புவார். வந்ததும் நான் கொடுக்கும் இட்லியைச் சாப்பிடாமல், முதலில் குளித்து, மடி வேட்டி கட்டிக்கொண்டு, பூஜை அறையில் பலகைமேல் உட்கார்ந்து மூச்சை அடக்குவார். அந்த நேரத்தில் அவரைத் தொடக்கூடாது, கூப்பிடவும் கூடாது. தொட்டால் மறுபடி குளிக்கவேண்டும், ஜபமும் முதலிலிருந்து. எங்கள் வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியதுதான்.

அப்புறம் ஏகாதசி வந்தது. முதல் நாள் ராத்திரியே அவர் பலகாரத்தோடு நிறுத்திக்கொண்டார். காலையில் மாத்திரையை எடுத்தபோது, "இன்னிக்கு வேண்டாமே" என்றேன். "மருந்துக்கு ஏதுடி விரதம்? பயப்படாம இரு" என்று சொல்லித் தண்ணீரோடு விழுங்கிவிட்டு நடக்கப் போனார். திரும்பி வந்து, குளித்து, உட்கார்ந்தார். அடுப்பு மூட்ட வேண்டாத நாள் என்பதால் நான் குளிக்காமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

பெருக்கி முடித்து வந்து எட்டிப் பார்த்தேன். அசையாமல் இருந்தார். ஏகாதசியாயிற்றே, நீளமாகப் பண்ணுகிறார் என்று பெருமையாகக்கூட இருந்தது. கொல்லைப்பக்கம் போய்த் திரும்பினேன். அதே இருப்பு. ஆனால் மூக்கைப் பிடித்திருந்த கை மடியில் விழுந்து கிடந்தது. முதுகில் வேர்வை வழிந்து வேட்டி நனைந்திருந்தது. "ஏன்னா" என்று மெல்லக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நிலைப்படியைத் தாண்ட என் கால் வரவில்லை. குளிக்காதவள், எப்படித் தொடுவது? அவர் உயிர் போய்க்கொண்டிருந்தது, நான் மடி ஆசாரத்தை யோசித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன். உடம்பு சில்லென்று இருந்தது, விரல்கள் உதறின. கண் பாதி திறந்திருந்தும் என்னைத் தெரியவில்லை. டாக்டர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டிலோ மருந்துக்குக்கூட ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது.

ஜன்னல் வழியாகக் கத்தினேன். "உம்மா, பஞ்சாரை! கொஞ்சம் பஞ்சாரை!" உம்மா டப்பாவோடு வந்து, இவரைப் பார்த்ததும் பதறிப்போனார். "ஷுகர்காரனு பஞ்சாரையோ? கொல்லான் போகுகயாணோ மோளே?" என்று டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். கொல்லப் போகிறாயா என்று அவர் கேட்டதைத்தான் நானும் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் உளறியிருந்தால்? நான் சரியாகக் கேட்டிருக்காவிட்டால்? டப்பாவைப் பிடுங்கினேன். ஈர விரலால் சர்க்கரையைத் தொட்டு அவர் கன்னத்துக்குள் தடவினேன். மறுபடி தடவினேன். நாக்கு அசைந்தது. விழுங்கினார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "ஏகாதசியும் அதுவுமா வாயில என்னத்தடி போட்டே?" என்றார். நான் ஓவென்று அழுதேன். உம்மாவும் சேர்ந்து அழுதார்.

டாக்டர் வந்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, சாப்பிட வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் பிடிபிடியென்று பிடித்தார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்ததில், ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டதாம். மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆகவேண்டும், வெறும் வயிற்றோடு நடை கூடாது, மூச்சை இழுத்து விட்டால் போதும், அடக்க வேண்டாம் என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அதற்கப்புறம் பிராணாயாமத்தின்போது அறைக்குள்ளேயே, எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அடிக்கடி "ஏன்னா" என்பேன். அவர் "உம்" என்று சொல்லவேண்டும். "இதென்ன ஜபமா, பள்ளிக்கூடத்து ஆஜரா?" என்று எரிந்து விழுவார். விழட்டும்.

ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பாய்ந்து போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். வாய் நிறையச் சிரிப்போடு கண்ணைத் திறந்தார். விளையாட்டாம். என் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. என் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் முதல் நான் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. மூச்சை விடும்போதெல்லாம் தானாகவே "உம்" என்றார்.