ஒன்பது சுற்று

கலிபோர்னியாவில் ஒரு பூங்காவில், கான்கிரீட்டில் கட்டிய கிரேக்கக் கோயிலை நான் பிரதட்சிணம் வந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். உள்ளே சாமி இல்லை. ஆனால் என் கால்கள் கேட்கவில்லை.

வேறு யாரும் இல்லாத செவ்வாய்க்கிழமை. இரண்டாவது சுற்றில் நரைத்த மீசைக் காவலாளி ஒருவர் என்னோடு சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு தூணையும் விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

“எதையாவது தொலைச்சிட்டீங்களா, சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“இல்லை. எங்க ஊர்ல கோயிலைச் சுத்துவோம்.”

“சரி, சுத்துவோம்.”

மனைவி இறந்த பிறகு என் பக்கத்தில் ஒருவர் நடந்தது அதுதான் முதல் தடவை. மூன்றோடு நிறுத்த மனமில்லாமல், நவக்கிரகக் கணக்கில் ஒன்பது சுற்றினேன். அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் விலகவில்லை.

அன்று மாலை மகளிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

“அப்பா, அவர் செக்யூரிட்டி. உங்க மேல டவுட் வந்து ஃபாலோ பண்ணிருக்கார்,” என்றாள்.