சமதரையில் நின்ற கார்

இன்று சேலத்தில் எஃப்.சி. காட்ட வந்த அத்தனை பேரிலும், வண்டி ஃபெயிலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனவன் நான் ஒருவன்தான்.

பதினைந்து வருடம் ஓடிய கார். போன மாதம் மாரமங்கலத்துக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். ஹேண்ட்பிரேக் பிடிப்பதில்லை என்று மறுநாளே தெரிந்தது. கேட்டதற்கு, "எஃப்.சி.ல ஃபெயிலாச்சுன்னா வண்டிய நானே திருப்பி எடுத்துக்கறனுங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினேன்.

ஆய்வாளர் விளக்குகளைப் பார்த்தார். ஹாரனை அடித்தார். ஹேண்ட்பிரேக்கைப் போடச் சொன்னார். போட்டேன். கார் அசையவில்லை.

"நிக்குதுல்லங்க?"

"இது சமதரைங்க. போடலைன்னாலும் நிக்குங்க. எங்க ஊடு சரிவுல இருக்குதுங்க."

"அதுக்குன்னு ஏற்காட்டுக்கு வந்தா பாக்க முடியும்?"

கார் தகுதியானதுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விற்றவருக்கு ஃபோன் செய்தேன். "நாந்தான் அப்பவே சொன்னனுங்களே, நொம்ப நல்ல வண்டிங்க. நீங்கதான் சும்மா சந்தேகப்பட்டுட்டே இருந்தீங்க" என்று வைத்துவிட்டார்.

இப்போது கார் என் வீட்டு வாசல் சரிவில், பின்சக்கரத்துக்கு அடியில் வைத்த கருங்கல்லை நம்பி நிற்கிறது. கல்லை எடுத்துவிட்டு, அந்தச் சான்றிதழை அங்கே செருகிப் பார்க்கலாமென்று இருக்கிறேன்.

எங்களுக்குக் கீழ் வளைவில் குடியிருப்பவர்கள் மட்டும் கருத்துச் சொன்னால் போதும்.