தேதி இல்லாத தாள்

சென்ற ஆண்டு ஜனவரியில், பொங்கல் முடிந்த அடுத்த புதன்கிழமை, மும்பை விமான நிலையத்தில் தனியார் விமானங்களுக்கான வாயிலில் நடந்தது இது.

செம்பூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சொந்த விமானத்தில் நாடு விட்டு நாடு போகிறவர்களுக்குத் தாள்களைச் சரிபார்த்துக் கோப்பு கட்டிக் கொடுப்பது என் வேலை. எந்தத் தாள் எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று பதிவேட்டில் வரிசையாக எழுதி வைப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அமெரிக்காவில் குடியேறிய ஒருவர் தன் சிறிய விமானத்தை நாடு நாடாக இறக்கி, மும்பை வரை ஓட்டி வந்திருந்தார். அடுத்தது கொழும்பு. மாதுங்காவில் தனியாக வசிக்கும் அவருடைய அக்காவும் கூடப் போவதாக ஏற்பாடு. தம்பி ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. பள்ளி ஆசிரியையான அவருக்குக் கிடைத்ததோ மூன்று நாள் லீவு.

பகல் பன்னிரண்டு மணிக்கு அதிகாரி என் கோப்பைப் புரட்டிவிட்டு, ஒரு தாள் குறைகிறது என்றார். விமானத்தின் ரேடியோவுக்கான உரிமம் இருந்தது. அதில் பேசுகிற விமானிக்கென்று இருக்கும் அனுமதிச் சீட்டு இல்லை. அமெரிக்காவுக்குள்ளேயே பறந்தால் இரண்டையும் கேட்பதில்லை. எல்லை தாண்டினால் இரண்டும் வேண்டும். செல்போனில் படம் காட்டினால் போதாது, அசல் வேண்டும். மூன்று மணிக்குள் கிளம்பாவிட்டால் கொழும்புக்குப் பறக்க வாங்கிய அனுமதி போய்விடும். மறுபடி வாங்க நாலைந்து நாளாகும்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு நாள் முன்பு அக்காவின் வீட்டில் உட்கார்ந்து கோப்பு கட்டியபோது, காலாவதித் தேதி இல்லாத ஒரு தாளை மேஜையிலேயே ஒதுக்கி வைத்தவன் நான்தான். பதிவேட்டில் அதை எழுதக் கட்டம் இல்லை.

வாயிலில் காத்திருந்த அக்காவிடமும் தம்பியிடமும் சொன்னேன். திட்டு விழும் என்று நின்றேன். அக்கா கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவிக்கொத்தை நீட்டினார்.

"பீரோல கீழ்த்தட்டு. பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு. மடிப்பு கலையாம எடுங்கோ."

"என் ஃப்ளைட்டை விட இவளுக்குப் புடவைதான் கவலை" என்றார் தம்பி.

"நீ பேசாம இரு. கோப்புல பாக்காம கையெழுத்துப் போட்டவன் நீதானே."

ஆட்டோவில் ஏறினேன். நான் அலுவலகத்துக்குப் போனில் விவரம் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாராவிக்கார டிரைவர் திரும்பிப் பார்த்தார். "சயானுக்கு அந்தாண்ட ஆட்டோ போவாது அண்ணாச்சி. நம்ம டாக்ஸிக்காரன் ஒருத்தன் அங்க நிப்பான், சொல்லி வைக்கேன்." சயானில் டாக்ஸி கதவைத் திறந்தே வைத்துக் காத்திருந்தது.

யாரும் இல்லாத வீட்டில், அதிகம் பழகாத ஒருவரின் பீரோவைத் திறந்து கீழ்த்தட்டில் தேடினேன். புடவைக்கு அடியில் வீட்டுப் பத்திரம், அவருடைய அம்மாவின் படம், அவற்றோடு அந்தத் தாள். மடிப்பு கலையாமல் எடுத்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அவர் முத்திரை குத்தும்போது அக்காவிடம் கேட்டேன், நான் வேண்டாமென்று ஒதுக்கியதை ஏன் அவ்வளவு பத்திரமாக வைத்தீர்கள் என்று.

"ஆயுசுக்கும் செல்லும்னு அதுல போட்டிருந்ததே. அப்பறம் எங்க வைக்கறது?"

இரண்டு ஐம்பதுக்கு விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, புள்ளியாகும் வரை பார்த்தேன்.

இப்போது என் பதிவேட்டின் முதல் பக்கம் காலாவதி இல்லாத தாள்களுக்குத்தான். ஆனால் பிறர் தவறைக் கண்டு எனக்குக் கோபம் வரும்போது நினைவுக்கு வருவது அந்தப் பக்கமல்ல. பயணமே நின்றுவிடும் நிலையில், அதற்குக் காரணமானவன் கையிலேயே தன் வீட்டை ஒப்படைக்க அந்த அக்காவுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை என்பதுதான்.