பேச்சி அடைத்த ஆறு ஓட்டைகள்

நவச்சாரப் புகை மூக்கில் ஏறினால் கண் தானாகக் கலங்கும். வெள்ளையாகக் கிளம்பி வந்து தொண்டையைப் பிடிக்கும். சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் மூன்று நாள் அந்தப் புகைதான்...

ஐம்பதுகளில் நான் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்பக்கம் கரியடுப்பு மாட்டி, கரிப்புகையில் ஓட்டிய பழைய கார் அது. யுத்தம் முடிந்ததும் அடுப்பைக் கழற்றிவிட்டார்கள். அதற்காகப் போட்ட ஓட்டைகள் மட்டும் பின்பெட்டித் தகட்டில் அப்படியே நின்றுவிட்டன.

ஆறு ஓட்டைகள். நான்கில் விரல் நுழையும். இரண்டில் கையே நுழையும்.

சாக்குத்துணியைத் திணித்து, மேலே தார் பூசி வைத்திருந்தேன். புழுதி வராமல் இருந்தால் போதும் என்று நினைப்பு.

ஒரு ஐப்பசி மழையில் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பிள்ளைத்தாச்சியைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட அவள் அம்மா. சாரல் அடித்ததால் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. பாதி வழியில் அந்த அம்மா அலறினாள்.

"ஐயா, வண்டிய நிப்பாட்டும்! பிள்ள பேச மாட்டேங்கா!"

திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் தலை தொங்கியிருந்தது. சாக்குத்துணி எங்கோ விழுந்து, ஓட்டை வழியே சைலன்சர் புகை உள்ளே ஏறியிருக்கிறது... கதவைத் திறந்து, மழையிலேயே அவளை இறக்கிப் படுக்கவைத்தோம். முகத்தில் நாலு துளி விழுந்த பிறகு கண்ணைத் திறந்தாள். என் உயிரும் அப்போதுதான் திரும்பியது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டேன். இனி அந்த வண்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்று.

முன்பே வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு ஓட்டையை வெல்டிங் வைத்துப் பார்த்திருந்தேன். சூட்டில் சுற்றுத் தகடு அப்பளம் மாதிரி நெளிந்து போனதுதான் மிச்சம்.

என் மனைவி பேச்சி, பாத்திரம் அடிக்கிற வீட்டுப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு உட்கார்ந்து குடத்துக்கு ஓட்டை அடைத்தவள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். நெளிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நான் அடைக்கேன்" என்றாள்.

"ஏட்டி, குடமும் காரும் ஒண்ணா?"

"தகடுதான... சூட்ட அளவா குடுத்தா கேக்கும். நீங்க மொதல்ல பெட்ரோல் டேங்க கழத்தி அந்தால கொண்டு வைங்க."

பெயின்டைச் சுரண்டித் தகடு வெள்ளியாய்ப் பளபளக்கும்வரை தேய்த்தாள். ஓட்டையின் விளிம்பைச் சின்னச் சுத்தியலால் துளி உள்வாங்கும்படி தட்டினாள். பின்பக்கம் வட்டத் தகடு வைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தால் பற்றவைத்தாள். சுற்றிலும் ஈரத்துணி... சூடு பரவக் கூடாதாம். முன்பக்கக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாய் ஈயம் ஏற்றினாள். பிறகு அரம், அதற்குப் பிறகு உப்புத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவாள். மேடு தட்டுப்பட்டால் மறுபடி அரம். நெளிந்திருந்த தகட்டையும் தட்டித் தட்டி வழிக்குக் கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் உச்சி வெயிலில் பின்பெட்டிக்குள் ஏறிப் படுத்தாள்.

"மூடுங்க."

"என்னத்துக்கு?"

"வெளிச்சம் தெரியுதான்னு பாக்கணும்."

மூடினேன். உள்ளேயிருந்து குரல் வந்தது. "மேல, எடது ஓரம்... ஊசி மொன அளவுக்கு வெயிலு வருது. அடையாளம் போட்டுக்கிடுங்க."

எனக்கு எத்தனை தேடியும் தெரியாத துளை அது. அதையும் அடைத்த பிறகுதான் கறுப்புப் பெயின்ட் பூச விட்டாள்.

கார் ஸ்டாண்டில் எல்லோரும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஓட்டை இருந்த இடம் ஒருவருக்கும் அகப்படவில்லை. இன்னொரு டிரைவர் செல்லையா கேட்டான்: "யாரு வே அடைச்சது?"

பெண்டாட்டி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "மதுரையில ஒரு பட்டறை" என்றேன்.

செல்லையா வண்டியிலும் அதே மாதிரி ஓட்டைகள். ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து கத்தினான்.

"ஏலே சுடல! ரெண்டு நாளா மதுர பூரா அலஞ்சிட்டு வாரேன். எங்கலே இருக்கு அந்தப் பட்டற?"

கதவருகே பேச்சி நின்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. என்னைப் பார்த்தாள்... அவ்வளவுதான்.

"இவதான் அடைச்சா" என்றேன்.

செல்லையா அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். குரல் இறங்கிவிட்டது. "தாயி... எனக்கும் அடைச்சுத் தருவியா?"

"வண்டியக் கொண்டாந்து டேங்க கழத்துங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம் சிவகிரியிலிருந்துகூட வண்டிகள் எங்கள் பின்வாசலுக்கு வந்தன.

இப்போது என் பேத்தி சென்னையில் கார் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். அவள் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கிற போட்டோவை, யாரும் கேட்காமலே, பால் ஊற்ற வருகிறவரிடமும் காட்டுகிறேன். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. அதுவும் செல்லையா வந்து கத்திய பிறகு.

பேச்சி போய் நாலு வருஷம் ஆகிறது. இதையெல்லாம் அவள் இருக்கும்போதே இங்கே எழுதியிருக்கலாம். அப்போது பேஸ்புக் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை...

இருந்தது.