ஸ்கோப்புக்கு ஒரு அர்ச்சனை

துவக்குக் கடையில வேலை எண்டு சொன்னால், எங்கட சனம் முதலில என்ர முகத்தைப் பாக்கும், பிறகு கையைப் பாக்கும், அதுக்குப் பிறகுதான் "சம்பளம் பரவாயில்லையோ?" எண்டு கேக்கும்.

தெற்கு லண்டனில, மானுக்கும் இலக்குக்கும் சுடுற லைசென்ஸ்காரர் வந்துபோற கடை அது. குறி பாக்கிற ஸ்கோப்பைத் துவக்கில பூட்டுற மேசை என்ர மேசை. கவுண்டருக்குப் பின்னால நிண்டு, "இன்டர்நெட்டில வேற மாதிரிச் சொல்லியிருக்கே" எண்டதைக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்ச சகோதரங்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுறன். பவானி பெருமையடிக்கிறாள் எண்டு நினைச்சால் நினையுங்கோ. அடிக்கத்தான் போறன்.

தோசைமாத் தராசு

வைதேகி டொக்டர் கோலியர்ஸ் வுட்டில இருக்கிறா. ஊர் மதுரைப் பக்கம், வேலை ஆஸ்பத்திரியில மயக்க மருந்து குடுக்கிறது. இடது தோளில ஒப்பரேஷன் செய்தபிறகு பாரமான துவக்கை ஏந்திப் பிடிக்க அவவால ஏலாது. அவவின்ர கிளப்பில பாரங்குறைஞ்ச துவக்குக்கெண்டே ஒரு அணி இருக்கு. ஸ்கோப்போட சேத்து நிறுப்பினம், கூடினால் வெளியால. அந்த அணிக்கு ஆள் எடுக்கிற நாள் கிட்ட வந்திட்டுது. "இந்தத் தடவை விட்டா அவ்ளோதான் அக்கா. தோள் போச்சுன்னு அவங்களே முடிவு பண்ணிடுவாங்க" எண்டு சொன்னா.

பிறகு பையுக்குள்ள இருந்து தோசைமா நிறுக்கிற தராசை எடுத்து என்ர மேசையில வைச்சா. முதலாளி மார்ட்டின் வெள்ளைக்காரர், ஒரு நீள உலோகப் பட்டையோட வந்தார். அதைத் துவக்கின்ர முதுகில பூட்டி அதுக்கு மேல ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்கிற ரிங்கைப் போட்டால் ஸ்கோப்பை முன்னபின்ன நகர்த்தலாம், ஆனால் பாரம். தராசு ஒத்துக்கொள்ளேல்லை. முன்னுக்கொண்டு பின்னுக்கொண்டு எண்டு ரெண்டு சின்னக் கட்டை வைச்சுப் பாத்தம். அதுவும் மயிரிழையில கூடிப்போச்சு. கடைசியா, பட்டையும் வேண்டாம் கட்டையும் வேண்டாம் எண்டு, நேர துவக்கிலயே இருக்கிற மாதிரி ரெண்டு ரிங்கை எடுத்து வைச்சன். தராசு அடங்கிச்சு. இதில ஒரே கரைச்சல், ஸ்கோப்பைப் பிறகு நகர்த்த இடமில்லை, முதல் தரமே கண்ணுக்குச் சரியா நிக்கவேணும். "நான் பொறுப்பு" எண்டு வாயை விட்டிட்டன். மார்ட்டின் சொன்னார்: "சரி பவானி, பிழைச்சால் இது உன்ர மேசை எண்டு இனிச் சொல்லக்கூடாது."

பிளேஸ்டோ அண்ணையின்ர புருவம்

இடம் பிழைச்சால் என்ன நடக்கும் எண்டு பிளேஸ்டோவில இருக்கிற ஒரு அண்ணையைக் கேளுங்கோ. பாரங்குறைஞ்ச துவக்குத்தான் கூட உதைக்கும். அவர் நான் சொல்லச் சொல்லக் கேளாமல் ஸ்கோப்பைத் தானே பூட்டினார். கண்ணுக்குக் கிட்ட வைச்சால் வடிவாத் தெரியுமாம்! முதல் வெடியிலயே ஸ்கோப் பின்னால வந்து புருவத்தில பிறை நிலா கீறிவிட்டிட்டுது.

பிளாஸ்டரோட கடைக்கு வந்தவர், மேசையில ஸ்கோப்பை வைச்சிட்டு அக்கம்பக்கம் பாத்தார். "தங்கச்சி, அலுமாரிக் கதவு புருவத்தில இடிச்சதெண்டு மனிசிக்குச் சொல்லியிருக்கிறன், நீரும் அப்பிடியே சொல்லும்."

ஓகஸ்டில குளிர்க்கோட்டு

ஆனபடியால் டொக்டருக்கு ஸ்கோப் பூட்டுற அண்டைக்கு, "சுடேக்க போடுற கோட்டைக் கொண்டு வாங்கோ" எண்டு சொன்னன். தடிச்ச கோட்டுப் போட்டால் துவக்கு முன்னுக்குத் தள்ளி நிக்கும், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில தூரம் மாறிப்போகும். கனபேர் இதை யோசிக்கிறதில்லை. நான் யோசிப்பன்!

வெளியில வெயில் கொளுத்துது, உள்ள டொக்டர் கழுத்துவரைக்கும் கோட்டின்ர ஸிப்பைப் பூட்டிக்கொண்டு நிக்கிறா. கண்ணை மூடச் சொல்லி, துவக்கைத் தோளில வைக்கச் சொல்லி, பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னன். திறந்த உடன வட்டம் முழுசாத் தெரியவேணும், தலையை அங்க இங்க ஆட்டக்கூடாது. தெரியுமட்டும் நான் விடேல்லை. பிறகு அளவா இறுக்கிற டிரைவரால ஸ்க்ரூவை ஒண்டு மாறி ஒண்டா இறுக்கினன். டொக்டர் அதையும் வடிவாப் பாத்து, அதே டிரைவர் ஒண்டு தனக்கும் வாங்கினா. வேர்வையைத் துடைச்சுக்கொண்டு சொன்னா: "அக்கா, எங்க ஆப்பரேஷன் தியேட்டர்லகூட இவ்ளோ சுத்தமா வேலை பார்த்து நான் கண்டதில்ல."

சந்தன வாசம்

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. வியாழக்கிழமை டொக்டர் கடைக்குள்ள வாறா, முகத்தில ரத்தமில்லை. நல்லாச் சுட்டுக்கொண்டிருந்த துவக்கு, இப்ப வெடிக்கு வெடி குறி நகருதாம். மார்ட்டின் அந்த நீளப் பட்டையைக் கொண்டுவந்து மேசையில வைச்சார். எனக்குக் கோபம் உச்சியில ஏறிச்சு. பட்டையைப் பூட்டினால் பாரம் கூடும், டொக்டர் நிறுக்கிற இடத்திலயே வெளியால. என்ர மேசை போனாலும் போகட்டும், அவவின்ர ஆசையில மண் விழக்கூடாது.

ரிங்கைக் கழட்டினன். கழட்டின உடன ஒரு வாசம். எண்ணெய் வாசமில்லை, வெள்ளிக்கிழமை வாசம். ரிங்கின்ர உட்பக்கம் மெல்லிசா ஒரு மஞ்சள் நிறத் தூள். "டொக்டர், இது சந்தனமெல்லே?" மனிசி திகைச்சுப்போச்சு. தேர்வு நல்லா நடக்கவேணுமெண்டு ஸ்கோப்பை மட்டும் கழட்டிப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோயிருக்கிறா. ஐயர் அர்ச்சனை செய்து, சந்தனம் பூசி, குங்குமமும் வைச்சுக் குடுத்திருக்கிறார். டொக்டர் டிஷ்யூவால துடைச்சு, பழைய இடத்திலயே அளவா இறுக்கி, திருப்பிக் குறியும் பாத்திருக்கிறா. எல்லாம் சரி, துடைச்சது மட்டும் போதேல்லை. மிச்சச் சந்தனம் காய்ஞ்சு தூளாப்போக, ரிங் பிடிச்சது ஸ்கோப்பை இல்லை, தூளை. ஒவ்வொரு உதைக்கும் ஸ்கோப் வழுக்கியிருக்கு.

ஸ்பிரிட் போட்டு ரிங்கையும் ஸ்கோப்பையும் கழுவித் துடைச்சன். கோட்டை மாட்டச் சொல்லித் திருப்பிப் பூட்டினன். மார்ட்டினுக்கு விசயத்தை விளங்கப்படுத்த, அவர் தூளை மணந்து பாத்திட்டுப் பட்டையை எடுத்துக்கொண்டு போனார். டொக்டர் மெதுவா என்னட்ட சொன்னா: "துப்பாக்கிய கோயிலுக்குக் கொண்டு போக முடியாதில்ல அக்கா... டெலஸ்கோப்னு நினைச்சு, பையன் படிக்கிறதுக்கான்னு ஐயர் கேட்டார், ஆமான்னுட்டேன்."

திங்கட்கிழமை

சனிக்கிழமை கிளப்பில திருப்பிக் குறி பாத்தவ, ஒரு அசைவுமில்லை எண்டு மெசேஜ் போட்டா. ஞாயிறு முழுக்க நான் ஃபோனைக் கையில வைச்சபடி இருந்தன். திங்கள் காலமை மனிசி ஃபோனில வராமல் நேரவே வந்து நிக்கிறா, கையில கேசரி. "எடுத்துட்டாங்க அக்கா!" எனக்குக் கண் கலங்கிப்போச்சு. வெங்காயம் வெட்டினனான் எண்டு சமாளிக்கக் கடையில வெங்காயமுமில்லை. அந்த ரெண்டு ரிங்கும் என்ர தெரிவு, என்ர கை. அதைப் பிடிச்சு நிக்கப்பண்ணினது நான்.

டொக்டர் ஸ்கோப்பின்ர மூடியைக் காட்டினா. மூடியில சின்னனா ஒரு குங்குமப் பொட்டு. அதில வைச்சால் ஆருக்கும் கரைச்சலில்லை. கேசரியை வாயில போட்டுக்கொண்டே மார்ட்டின் சொன்னார்: "பவானி, இனி உங்கட ஆக்கள் வந்தால் முதலில கோயிலுக்கு அனுப்பு, பிறகு பூட்டு."

ஆக, சகோதரங்களே, பாரங்குறைஞ்ச துவக்குக்கு ஸ்கோப் பூட்டுற ரிங் தெரிவுசெய்யிறதெண்டால் நிறை, கண், கோட்டு எல்லாத்தையும் கணக்கிலெடுத்து, பிள்ளையாருக்கும் ரிங்குக்கு வெளியில ஒரு இடம் ஒதுக்கவேணும்.